முதுகுத் தகடு

கஸ்பாரே: மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்கேன், சீக்கிரம் கொக்கியை மாட்டு, லிபெராத்தோ!

லிபெராத்தோ: நீ மூச்சை இழுத்தா நெஞ்சுதான் உள்ள போகுது. தொப்பை போட்டது போட்டபடி நிக்குது.

கஸ்பாரே: அந்தக் காலத்து ஆம்பளைங்க எல்லாம் இவ்வளவு ஒல்லியாவா இருந்தாங்க?

லிபெராத்தோ: மலையில ஆடும் மேய்ச்சு, ரோமாபுரிக்காரனோட சண்டையும் போட்டவன் ஒல்லியாத்தான் இருப்பான். மியூசியம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து சீஸ் தின்னவனுக்கு அடிச்ச கவசம் இல்ல இது.

லொரேத்தா: கஸ்பாரே, கழட்டு அதை. வியர்வை பட்டா களிம்பு ஏறும்.

கஸ்பாரே: ஊர்ப் பசங்க போட்டுப் பாக்கத்தானே செய்யச் சொன்னீங்க, மேடம்? நானும் இந்த ஊர்ப் பையன்தான்... கொஞ்ச நாளாச்சு, அவ்வளவுதான்.

லொரேத்தா: கழட்டு. மேசையில வை... மெதுவா! ம்ம்... லிபெராத்தோ, அசல் அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள இல்லேன்னா எனக்கே எது எதுன்னு குழம்பிடும். மேல ரெண்டு வட்டம், கீழ ஒரு வட்டம்... அந்தக் கீழ் வட்டத்து ஓரத்துல இருக்கிற நசுங்கலைக்கூட விடலையா நீ?

லிபெராத்தோ: இருந்துச்சு, அடிச்சேன்.

லொரேத்தா: கார் ஷெட்ல நசுங்கலை எடுக்கிறவன், இங்க வந்து நசுங்கலை உண்டாக்குறே.

லிபெராத்தோ: எடுக்கிறது சுலபம் மேடம். அதே இடத்துல, அதே அளவுக்கு உண்டாக்குறதுதான் உயிரை வாங்கும். வெண்கலம் கோபக்காரி. நல்லாக் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கணும். ஒரு அடி கூடிப்போனா விரிசல் விட்டுடுவா. ரெண்டு தகடு உடைஞ்சே போச்சு.

லொரேத்தா: சரி, அந்தப் போர்வையில சுத்தி வச்சிருக்கியே, அதுதானே முதுகுப் பக்கம்? எடு, பாக்கலாம்.

லிபெராத்தோ: எடுக்கிறேன்... அதுக்கு முன்னால ஒரு விஷயம் பேசணும்.

லொரேத்தா: பேசு.

லிபெராத்தோ: திங்கட்கிழமை ஓநாய் மேட்டுல தோண்டப் போறதா சொன்னீங்களே...

கஸ்பாரே: தோண்டுறாங்களா? ஓநாய் மேட்டுலயா? எனக்குத் தெரியவே தெரியாதே! வாசல்ல உக்காந்திருக்கிறவன்கிட்ட யாரு சொல்றா!

லொரேத்தா: உன்கிட்ட சொன்னா மத்தியானத்துக்குள்ள பேக்கரி, சலூன், பாதிரியார் வரைக்கும் போயிடும். நீ சும்மா இரு. ம், சொல்லு லிபெராத்தோ.

லிபெராத்தோ: எதுக்குத் தோண்டுறீங்க? இந்தக் கவசத்தோட முதுகுப் பக்கம் கிடைக்கல, அதுக்குத்தானே? முன்பக்கம் மட்டும்தான் பல வருஷத்துக்கு முன்னால சாக்குல சுத்திக் கோயில் வாசல்ல கெடந்துச்சு. யாரோ திருட்டுத்தனமா கல்லறையைத் தோண்டி எடுத்திருக்காங்க, மீதி அந்த மேட்டுலதான் இருக்கும்னு நீங்க நெனைக்கிறீங்க.

லொரேத்தா: ஆமா.

லிபெராத்தோ: அதான் நானே முதுகையும் அடிச்சுக் கொண்டாந்துட்டேன். இந்தாங்க. பெட்டிக்குள்ள அசலுக்குப் பின்னால இதை நிறுத்துங்க, ஒரு முழு ஆளு நிக்கிற மாதிரி இருக்கும். வர்றவங்களுக்கு அது போதும். மேட்டை எதுக்குக் கிளறணும்? பாவம், புல்லு நல்லா வளந்திருக்கு.

கஸ்பாரே: புல்லுக்குப் பாவம் பாக்கிற முதல் மனுஷனை இன்னைக்குத்தான் பாக்கிறேன்.

லொரேத்தா: நான் முதுகுப் பக்கத்தை வெறும் தகடாத்தானே கேட்டேன்? வட்டம், கோடு ஒண்ணும் வேணாம், பாக்காததை எப்படி அடிக்கிறதுன்னு சொன்னதே நீதானே?

லிபெராத்தோ: முன்னால எப்படியோ பின்னாலயும் அப்படித்தான் இருந்திருக்கும். மத்த ஊர்ல கெடைச்சதெல்லாம் அப்படித்தானே இருக்கு...

லொரேத்தா: இரு, ஜன்னல் பக்கம் கொண்டுபோறேன்... மூணு வட்டம், சரி. கொக்கி... சரி. இது என்ன?

லிபெராத்தோ: எது?

லொரேத்தா: இடது வட்டத்துல. ஒட்டுப் போட்ட மாதிரி... விரல் நகம் அளவுக்கு ஒரு தகடு. மூணு ரிவெட்.

கஸ்பாரே: எங்க, எங்க? அட, ஆமா! முதுகுல ஓட்டை விழுந்து ஒட்டுப் போட்டிருக்கான்! அப்ப நம்மாளு புறமுதுகு காட்டி ஓடினவனா? ஹஹ்ஹா! கோழைக்கு எதுக்குடா இவ்வளவு வேலைப்பாடு!

லிபெராத்தோ: ஏய், வாயை அளந்து பேசு. அவன் ஓடல.

கஸ்பாரே: பின்ன முதுகுல எப்படிக் குத்து விழும்?

லிபெராத்தோ: வெளியிலேர்ந்து விழலை. ஓட்டையோட விளிம்பு வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கு. முன்னால நின்னவன் குத்தினது. அக்குள் வழியா உள்ள போயி முதுகுல எட்டிப் பாத்திருக்கு ஈட்டி. அவன் எதிர்த்து நின்னு செத்தவன், புதைக்கும்போதுதான் ஒட்டுப் போட்டிருக்காங்க. தெரியாம எதையாவது...

கஸ்பாரே: சரிப்பா சரிப்பா, கோவிச்சுக்காதே. உன் சொந்தக்காரன் மாதிரில்ல பேசுறே.

லொரேத்தா: கஸ்பாரே.

கஸ்பாரே: மேடம்?

லொரேத்தா: மூணு காபி வாங்கிட்டு வா.

கஸ்பாரே: எதிர் கடை இன்னைக்கு லீவு.

லொரேத்தா: கீழ்த்தெருவுல போய் வாங்கிட்டு வா. அவசரமே இல்ல.

கஸ்பாரே: புரிஞ்சுது, புரிஞ்சுது... பெரியவங்க பேசுறாங்க, போறேன்.

லொரேத்தா: கதவைச் சாத்திட்டுப் போ... லிபெராத்தோ, விளிம்பு வெளிப்பக்கமா விரிஞ்சிருக்குன்னா சொன்னே?

லிபெராத்தோ: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

லொரேத்தா: திருப்பிப் பாத்தேன். உள்பக்கம் அப்படித்தான் அடிச்சிருக்கே. வெளியிலேர்ந்து ஒட்டு மூடியிருக்கு, உள்ள கை விட்டுத் தடவினாத்தான் விளிம்பு தெரியும்.

லிபெராத்தோ: கொஞ்சம் பழசா தெரியட்டுமேன்னு... பசங்களுக்குக் கதை சொல்ல நல்லா இருக்குமேன்னு...

லொரேத்தா: கற்பனை பண்ணினியா? நீயா?

லிபெராத்தோ: ஏன், எனக்குக் கற்பனை வரக்கூடாதா?

லொரேத்தா: இதுக்கு முன்னால நீ நகல் எடுத்த தலைக்கவசத்துல ஒரு பக்கக் கன்னத்தகடு காணோம். நீயா ஒண்ணு செஞ்சு மாட்டுடான்னு கெஞ்சினேன். மாட்டேன்னே. ஒத்தைக் கன்னத்தோடயே கொண்டாந்தே. போன தலைமுறையில எவனோ உடைஞ்ச இடத்துல பசை வச்சு ஒட்டி, அது கட்டியா நின்னுச்சு. அந்தப் பசைக் கட்டியைக்கூட வெண்கலத்துல அடிச்சுக் கொண்டாந்தவன்டா நீ! ஊரே சிரிச்சுது.

லிபெராத்தோ: இருந்துச்சு, அடிச்சேன்.

லொரேத்தா: அதைத்தான் நானும் சொல்றேன். இருந்தாத்தான் அடிப்பே. இந்த ஒட்டு எங்க இருந்துச்சு?

லிபெராத்தோ: ...நேப்பிள்ஸ் மியூசியத்துல ஒரு கவசம் பாத்தேன். அதுல...

லொரேத்தா: நேப்பிள்ஸ்ல இருக்கிற ஒவ்வொண்ணையும் நான் வரைஞ்சிருக்கேன். எதுலயும் முதுகுல ஒட்டு கெடையாது.

லிபெராத்தோ: அப்ப புத்தகத்துல பாத்திருப்பேன்.

லொரேத்தா: நீ படிச்ச புத்தகம் ஃபியட் கார் ரிப்பேர் புத்தகம் ஒண்ணுதான்.

லிபெராத்தோ: சரி, இப்ப என்ன? ஒட்டு பிடிக்கலேன்னா எடுத்துடுறேன். வழுவழுன்னு ஆக்கிக் கொடுத்துடுறேன். திங்கட்கிழமையை மட்டும் நிறுத்துங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன்.

லொரேத்தா: காரணம் சொல்லு, நிறுத்துறேன். இதோ ஃபோன், இப்பவே சொல்லிடுறேன்.

லிபெராத்தோ: அது எங்க மாமாவோட மேய்ச்சல் நிலம்...

லொரேத்தா: மாமா கையெழுத்துப் போட்டுட்டாரு.

லிபெராத்தோ: மார்ச் மழையில மண்ணு சரியும். ஆளுங்க மேல விழுந்துடும்...

லொரேத்தா: விழும். முன்னால விழுந்திருக்கா?

லிபெராத்தோ: அதை ஏன் என்கிட்ட கேக்கிறீங்க?

லொரேத்தா: லிபெராத்தோ, உன்னைத்தான் கேக்கிறேன்.

லிபெராத்தோ: சரி. சொல்லிடுறேன். போலீஸுக்குப் போகக்கூடாது.

லொரேத்தா: போகல.

லிபெராத்தோ: முதுகுத் தகடு அங்க இல்ல. தோண்டினாலும் கெடைக்காது. அது... பார்தோகிட்ட இருக்கு.

லொரேத்தா: உங்க அண்ணன்கிட்டயா?

லிபெராத்தோ: ஆமா. அவன்தான் அந்தக் கல்லறையைத் தோண்டினது. கனடாவுக்குப் போனப்ப முதுகுத் தகட்டைக் கையோட கொண்டுபோயிட்டான். போறதுக்கு முன்னால எனக்கு ஒரு தடவை காட்டினான். அப்பத்தான் ஒட்டைப் பாத்தேன். போதுமா?

லொரேத்தா: கனடாவுக்கு. பெட்டியில வச்சு.

லிபெராத்தோ: ஆமா. சட்டைக்கு நடுவுல வச்சு.

லொரேத்தா: அதனாலதான் யார்கிட்டயும் சொல்லாம ராத்திரியோட ராத்திரியா கெளம்பிட்டானா? என்கிட்டகூடச் சொல்லாம?

லிபெராத்தோ: போலீஸ் பயம், அண்ணி. சொன்னா நீங்களும் மாட்டுவீங்கன்னு...

லொரேத்தா: அண்ணின்னு கூப்பிடாதே. கல்யாணம் ஆகாத வீட்டுக்கு நான் அண்ணி இல்ல.

லிபெராத்தோ: தெரியாம வாயில வந்துடுச்சு.

லொரேத்தா: நல்லதாப் போச்சு. தகடு கனடாவுல இருக்குன்னா, கேட்டு வாங்கிடலாம். ஃபோன் போடு அவனுக்கு.

லிபெராத்தோ: இப்பவா? அங்க விடிஞ்சும் விடியாம இருக்கும்...

லொரேத்தா: எழுப்பு.

லிபெராத்தோ: நம்பர் கெடையாது. அவனாத்தான் கூப்பிடுவான். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ்.

லொரேத்தா: ஆமா... கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ். பூசை முடிஞ்சு வெளிய வந்ததும் நான் உன்கிட்ட கேப்பேன், "பார்தோ பேசினானா?"ன்னு. நீ "பேசினான்"ம்பே. "என்னைக் கேட்டானா?"ன்னு கேப்பேன்.

லிபெராத்தோ: கேட்டான்தானே... ஒவ்வொரு தடவையும் கேட்டான்.

லொரேத்தா: போன கிறிஸ்மஸுக்கு என்ன கேட்டான்?

லிபெராத்தோ: சொன்னேனே.

லொரேத்தா: மறுபடி சொல்லு.

லிபெராத்தோ: "லொரேத்தா இன்னும் படம் வரையும்போது பென்சிலைக் கடிக்கிறாளா"ன்னு...

லொரேத்தா: அதுக்கு முந்தின வருஷம்?

லிபெராத்தோ: முடியை வெட்டிட்டாளா, அப்படியே நீளமா வச்சிருக்காளான்னு...

லொரேத்தா: நரைச்சுப்போச்சுன்னு சொன்னியா?

லிபெராத்தோ: இல்ல. அப்படியே இருக்குன்னேன்.

லொரேத்தா: நல்லவன்டா நீ...

கஸ்பாரே: காபி! சுடச்சுட! கொட்டாமக் கொண்டாந்ததுக்கே எனக்கு ஒரு மெடல் குத்தணும்... என்ன, ரெண்டு பேரும் துக்க வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கீங்க?

லொரேத்தா: ஒண்ணுமில்ல. பார்தோவைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.

கஸ்பாரே: யாரு, நம்ம பார்தோவா? கனடாக்காரன்? அட விடுங்க மேடம், அவனெல்லாம் ஒரு மனுஷனா! ஒரு கல்யாணம் காட்சிக்கு வந்தானா? பெத்த அம்மா செத்தப்பவாவது வந்து ஒரு பிடி மண்ணு போட்டானா? கல்நெஞ்சன். உங்க வாழ்க்கையையும்...

லிபெராத்தோ: கஸ்பாரே, போதும்.

கஸ்பாரே: உண்மையத்தானே சொல்றேன். ஊரே சொல்லுது. பெரிய பணக்காரனாயிட்டானாம், தம்பி இங்க கார் தட்டிக்கிட்டுக் கெடக்கிறது அவன் கண்ணுக்கே...

லிபெராத்தோ: போதும்னேன்ல! அவனைப் பத்திப் பேச நீ யாருடா? உனக்கென்னடா தெரியும் அவனைப் பத்தி?

கஸ்பாரே: அட... கோப்பையை ஏன்பா தட்டிவிடுறே? நல்ல காபி...

லொரேத்தா: நான் துடைச்சுக்கிறேன். நீ வாசலுக்குப் போ, கஸ்பாரே. யாராவது வந்தா மத்தியானம் வரச் சொல்லு.

கஸ்பாரே: போறேன்... நான் தப்பா எதுவும் சொல்லலப்பா. நம்ம எல்லாருக்கும் இருக்கிற வருத்தம்தான்.

லொரேத்தா: போயிட்டான். உக்காரு. சட்டையெல்லாம் காபி உனக்கு.

லிபெராத்தோ: க்ரீஸ் படுற சட்டைதான். துவைச்சா போயிடும்.

லொரேத்தா: சரி, அப்ப நான் மெஷின்காரனுக்கு ஃபோன் போட்டுடுறேன். திங்கட்கிழமை காலையில வரச் சொல்லிட்டா...

லிபெராத்தோ: மெஷினா? என்ன மெஷின்?

லொரேத்தா: மண்ணள்ளுற மெஷின். பெரிய பல்லு வச்சது.

லிபெராத்தோ: நீங்க எப்பவும் சின்னக் கரண்டியும் பிரஷ்ஷும் வச்சுத்தானே தோண்டுவீங்க?

லொரேத்தா: அது கீழ போனதுக்கு அப்புறம். மேல்மண்ணை மெஷின்தான் வழிச்சு எடுக்கும். தகடுதான் அங்க இல்லேன்னு நீயே சொல்லிட்டியே, பின்ன பல்லு பட்டா என்ன? ஹலோ...

லிபெராத்தோ: வைங்க ஃபோனை.

லொரேத்தா: ஹலோ, நான் மியூசியத்துலேர்ந்து...

லிபெராத்தோ: வைங்கன்னு சொல்றேன்ல! மெஷின் வேணாம்... தோண்டணும்னா தோண்டுங்க. கையால தோண்டுங்க. கையால தோண்டச் சொல்லுங்க, லொரேத்தா... உங்க கால்ல விழுறேன்.

லொரேத்தா: ஏன்?

லிபெராத்தோ: அவன் அங்கதான் இருக்கான்.

லொரேத்தா: யாரு?

லிபெராத்தோ: கனடாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பார்தோ அந்த மேட்டுலதான் கெடக்கிறான். அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து.

லொரேத்தா: சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. எதையும் விடாதே.

லிபெராத்தோ: என்னத்தைச் சொல்றது... நான் மேல லாந்தரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவன் குழிக்குள்ள. முதல்ல முன் தகட்டைக் கொடுத்தான். அப்புறம் முதுகுத் தகடு. மண்ணைத் துடைச்சான், ஒட்டு தெரிஞ்சுது. சிரிச்சான். "பாத்தியாடா, நம்ம அப்பா கார்ல ஒட்டுப் போட்ட மாதிரியே போட்டிருக்கான் ஒருத்தன், உள்ள தடவிப் பாரு"ன்னான். தடவிப் பாத்தேன். "வாடா மேல, போதும்"னேன். "கவசம் இருந்தா பெல்ட்டும் இருக்கும், இரு"ன்னு மறுபடி குனிஞ்சான்.

லொரேத்தா: மண்ணு சரிஞ்சுதா?

லிபெராத்தோ: சத்தமே இல்ல. ஆடு உக்காருற மாதிரி உக்காந்துச்சு. கழுத்து வரைக்கும் மண்ணு, கல்லு. தலை மட்டும் வெளியில.

லொரேத்தா: உயிரோட.

லிபெராத்தோ: உயிரோட. கையால தோண்டினேன். எடுக்க எடுக்க மேலேர்ந்து சரியுது. நகமெல்லாம் பிஞ்சுபோச்சு. "ஊருக்குள்ள ஓடிப்போயி ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றேன்"னேன். "போகாதேடா, என்னை விட்டுட்டுப் போகாதே"ன்னான். சின்னப் பையன் மாதிரி அழுதான். நான் போகல. தலையை மடியில தாங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்... போயிருக்கணும். ஓடியிருந்தா நாலு ஆளு வந்திருப்பான், தூக்கியிருக்கலாம். அவன் போகாதேன்னான்னு நான் போகல. விடியிறப்ப... முடிஞ்சுபோச்சு.

லொரேத்தா: தனியாச் சாகல.

லிபெராத்தோ: என்ன?

லொரேத்தா: ஒண்ணுமில்ல. நீ கூட இருந்தே. தனியாச் சாகல அவன்.

லிபெராத்தோ: அதுல என்ன பெருமை? நான் கூட இருந்துதான் அவனைக் கொன்னேன்.

லொரேத்தா: அப்படிச் சொல்லாதே... அப்புறம்?

லிபெராத்தோ: மண்ணு சரியிறது நின்னதும் மெல்லத் தள்ளி, நேராப் படுக்க வச்சேன். முகத்து மேல மண்ணை அள்ளிப்போட கை வரல, லொரேத்தா. எப்படிப் போடுறது? கண்ணு மூடியும் மூடாம... முதுகுத் தகட்டை எடுத்து முகத்து மேல கவுத்தேன். அதுக்கு மேல மண்ணைப் போட்டேன். முன் தகட்டைச் சாக்குல சுத்தி, வித்துத் தின்ன மனசில்லாம, கோயில் வாசல்ல வச்சுட்டு வந்துட்டேன்.

லொரேத்தா: ஏன்டா சொல்லல? அன்னைக்கே ஏன் சொல்லல?

லிபெராத்தோ: அம்மா தாங்க மாட்டா. திருட்டுக் குழியில செத்தான்னு ஊரு பேசும். அப்புறம்... போலீஸ் கேப்பாங்க, இடம் எப்படித் தெரிஞ்சுதுன்னு.

லொரேத்தா: அவன் சொன்னானா உன்கிட்ட?

லிபெராத்தோ: பேரைச் சொல்லல. "விஷயம் தெரிஞ்ச ஒருத்தங்க காட்டினாங்க"ன்னான். அவனுக்குத் தெரிஞ்சவங்கள்ல அந்த விஷயம் தெரிஞ்சவங்க ஊர்ல ஒருத்தர்தானே இருந்தாங்க. அப்ப கல்லறைகளை ஆராய வந்திருந்த பேராசிரியர் பின்னாலயே நோட்டும் பென்சிலுமா அலைஞ்ச நீங்கதான்.

லொரேத்தா: விளையாட்டாத்தான் சொன்னேன்டா. அந்த மேட்டுல ஒரு இடத்துல புல்லு வேற மாதிரி முளைக்குது, கீழ கண்டிப்பா பெரிய ஆளு யாரோ கெடக்கிறான்னு. கல்யாணத்துக்கு வீடு இல்ல, இதை எடுத்து வித்தா ஒரு வீடு கட்டலாம்னான். நான் சிரிச்சேன். வேணாம்னு சொல்லல.

லிபெராத்தோ: விடுங்க.

லொரேத்தா: கடைசியா... என்னைப் பத்தி எதாவது சொன்னானா?

லிபெராத்தோ: நெறைய...

லொரேத்தா: கிறிஸ்மஸ் கதை வேணாம். நெசத்தைச் சொல்லு.

லிபெராத்தோ: இல்ல. உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல. தண்ணி கேட்டான். என்கிட்ட தண்ணி இல்ல.

லொரேத்தா: ...சரி.

லிபெராத்தோ: மன்னிச்சுடுங்க.

லொரேத்தா: இல்ல, சரிதான். அந்த நேரத்துல தண்ணிதானே கேப்பாங்க... லிபெராத்தோ, திங்கட்கிழமை யாரும் வரல.

லிபெராத்தோ: வரலையா? இப்ப ஃபோன்ல...

லொரேத்தா: ஃபோன்ல யாரும் இல்ல. தோண்டுறதா உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நேராக் கேட்டா நீ கனடான்னுதான் சொல்லுவே.

லிபெராத்தோ: அப்ப உங்களுக்கு...

லொரேத்தா: போன அக்டோபர்ல காளான் பொறுக்க மேட்டுக்குப் போனேன். காட்டுப்பன்னி கிளறி விட்டிருந்துச்சு. ஒரு பூட்ஸ் மேல வந்து கெடந்துச்சு. நான் சந்தையில வாங்கிக் கொடுத்த பூட்ஸ்... உக்காந்து கையாலயே தோண்டினேன். தகடு தெரிஞ்சுது. ஒட்டு தெரிஞ்சுது. தூக்கிப் பாத்தேன்.

லிபெராத்தோ: ஐயோ...

லொரேத்தா: பாத்துட்டு மறுபடி மூடிட்டேன். முகத்தை இவ்வளவு பதமா மூடி வச்சது யாருன்னு உறுதியாத் தெரியல, உன் மேல சந்தேகம் மட்டும் இருந்துச்சு. கூட யாராவது இருந்தாங்களா, இல்ல குழிக்குள்ள தனியாக் கெடந்து செத்து, பின்னாடி எவனோ வந்து மூடிட்டுப் போனானா... இந்த அஞ்சு மாசமா அது ஒண்ணுதான் என்னை அரிச்சுது. இன்னைக்கு இந்த ஒட்டைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, நீதான்னு.

லிபெராத்தோ: அப்ப அந்தக் கல்லு... நவம்பர்ல, கல்லறைத் திருநாளுக்குப் பூ வைக்கப் போனேன். யாரோ கல்லு அடுக்கியிருந்தாங்க. ஆட்டுக்காரன்னு நெனச்சேன்.

லொரேத்தா: பன்னி கிளறக்கூடாதுன்னு நான்தான் அடுக்கினேன்.

லிபெராத்தோ: நான் பூவை அந்தக் கல்லு மேலதான் வச்சேன்.

லொரேத்தா: பாத்தேன். எந்தப் புண்ணியவான் வச்சானோன்னு நெனச்சேன்... எழுந்திரு. கோட்டை மாட்டு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோம். ரெண்டு பேரும். இடம் காட்டினது நான்னு நான் சொல்றேன், நடந்ததை நீ சொல்லு. அம்மா பக்கத்துல கொண்டுபோய் வைப்போம் அவனை.

லிபெராத்தோ: வர்றேன்... ஒண்ணு கேக்கட்டுமா? அக்டோபர்லயே பாத்துட்டீங்க. அப்ப போன கிறிஸ்மஸுக்குக் கோயில் வாசல்ல, அந்தப் பனியில நின்னு, "பார்தோ பேசினானா, என்னைக் கேட்டானா"ன்னு... எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு அண்ணி கேட்டீங்க?

லொரேத்தா: கேக்கிறதை நிறுத்திட்டா அவன் செத்துப்போயிடுவானேடா.